பூந்தமல்லி மெட்ரோவில் எத்தனை பேர் ஏறுவார்கள்?

நாளைக்குக் காலை எட்டரை மணிக்குக் கோயம்பேடு மெட்ரோவில் எத்தனை பேர் ஏறுவார்கள்? இதைச் சொல்ல மெஷின் லேர்னிங் எல்லாம் வேண்டியதில்லை. போன வாரம் இதே கிழமை, இதே நேரத்துக் கணக்கைப் பார்த்தாலே பெரும்பாலும் கிட்ட வந்துவிடலாம். எந்த மாடலாக இருந்தாலும் முதலில் இந்தச் சோம்பேறிக் கணக்கை ஜெயிக்க வேண்டும்.

எப்படி ஜெயிக்கும்? கேட்டில் கார்டும் க்யூஆர் டிக்கெட்டும் பதிவாகிற எண்ணிக்கையைக் கொடுப்போம். கூடவே மழை, விடுமுறை, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள், சேப்பாக்கத்தில் மேட்ச் உண்டா என்பதையும் கொடுப்போம். எது எப்போது கூட்டத்தை ஏற்றியது, இறக்கியது என்று பழைய தரவிலிருந்து அதுவே கற்றுக்கொள்ளும்.

ஆக, நேற்று போலத்தான் நாளையும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. சென்னை அப்படி இருப்பதில்லை. 2019இல் மெட்ரோ பயணங்கள் சுமார் 3.28 கோடி. கொரோனா வந்த 2020இல் 1.18 கோடி. 2023இல் 9.11 கோடி! அந்த டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. தெற்கே போகிற பஸ்கள் அங்கே மாறியபின், கோயம்பேட்டின் பழைய தீபாவளிக் கூட்டத்தை வைத்துப் புது தீபாவளியைக் கணித்தால் தப்பாகத்தான் வரும்.

சரி, பூந்தமல்லிக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை சுமார் 26 கி.மீ. தடம். புது நிலையத்துக்குப் 'போன வாரம்' என்பதே கிடையாது. வேறொரு நிலையத்தின் தரவைக் கடன் வாங்கலாமா? வடக்கே விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தது. ஆனால் அதன் முதல் மாதங்கள் கொரோனா இரண்டாம் அலையோடு போய்விட்டன. தவிர, விம்கோ நகரில் புறநகர் ரயில் உண்டு. அம்பத்தூர், ஆவடியிலும் உண்டு. பூந்தமல்லியில் இல்லை, பஸ், ஷேர் ஆட்டோ, டூவீலர்தான். அதனால் ஆரம்பத்தில் பஸ் டிக்கெட் கணக்கும், வீடு வீடாகப் போய்க் கேட்கிற சர்வேயும்தான் கைகொடுக்கும்.

ரயில் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு சிக்கல் உண்டு. கேட் வந்தவரை மட்டுமே எண்ணும். ஆவடியிலிருந்து இணைப்பு பஸ் கிடைக்காமல் வராமலே போனவர் அந்தக் கணக்கில் இல்லை. மாடல் 'கூட்டம் குறைவு' என்று சொல்ல, அதை நம்பிப் பஸ்ஸைக் குறைத்தால் கூட்டம் இன்னும் குறையும். கணிப்பு பலித்த மாதிரியே தெரியும்!

அதனால் கேட்டில் பதிவான எண்ணோடு, பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்பவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.