பதினாறு கட்டம் போதும்!

2011-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தோடு வெளியே வந்த ஓர் அமெரிக்க இளைஞருக்கு வேலை கிடைக்கவில்லை. சும்மா இருப்பானேன், புரோகிராமிங்கில் கை பழகட்டும் என்று, சின்ன வயதில் விளையாடிய பண்ணை விளையாட்டைப் போல ஒன்றைத் தானே எழுத ஆரம்பித்தார். படங்களை அவரே வரைந்தார். இசை, கதை, வசனம் எல்லாமும் அவரே. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தது நாலரை வருடம் இழுத்துக்கொண்டு போனது. சியாட்டில் நகரத்துத் தியேட்டர் ஒன்றில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதி நேர வேலை பார்த்தார். மீதிச் செலவைத் தோழியின் சம்பளம் தாங்கியது. 2016 பிப்ரவரியில் ‘ஸ்டார்டியூ வேலி’ வெளிவந்தது. 2024 டிசம்பருக்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

இந்தக் கதையைக் காட்டித்தான் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ‘வீட்டிலிருந்தே கேம் செய்து கோடீஸ்வரர் ஆகலாம்’ என்று அட்டையில் போட வசதியாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. அந்த நாலரை வருடத்தில் அவர் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஆரம்பத்தில் வரைந்த முகங்களையும் கடைசியில் வெளிவந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒருவர் கை என்று நம்புவது சிரமம். வரைந்து வரைந்தே கற்றுக்கொண்டவர். கற்கக் கற்க, போன வருடம் வரைந்தது கண்ணுக்குப் பிடிக்காமல் போகும். அழிப்பார், மறுபடி வரைவார். ஜெயித்தார், அதனால் அதை விடாமுயற்சி என்கிறோம். அதே காரியத்தைச் செய்து பாதியில் நின்றுபோனவர்களைப் பற்றி யாரும் அட்டைப்படக் கட்டுரை கேட்பதில்லை.

பிக்சல் ஆர்ட் என்றால் என்ன என்று, பட்டன் போனில் பாம்பு ஓட்டிய தலைமுறைக்கு விளக்க வேண்டாம். சொந்தமாக ஒரு சின்ன கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்: ஓவியம் படிக்காதவர்களும் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துவிடலாம் என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதி நிஜம்.

வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த சாஃப்ட்வேர்? அது மூன்று வரியில் முடிகிற விஷயம். அஸ்ப்ரைட்டின் விலை 20 டாலர். அதன் பழைய பதிப்பிலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஸ்ப்ரைட் இலவசம், பிக்சலோரமாவும் இலவசம், பிஸ்கெல் பிரவுசரிலேயே ஓடும். மவுஸ் போதும், பேனா டேப்லெட் கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் நாயகன் எத்தனை கட்டம்?

இதை யாரும் கேட்பதில்லை. வெற்றுக் கேன்வாஸைத் திறந்ததும் 64×64 என்று போட்டுவிடுகிறார்கள். கட்டம் அதிகம் இருந்தால் கண், மூக்கு, சட்டை மடிப்பு எல்லாம் வரையலாம் என்று ஆசை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16×16 என்றால் 256 கட்டம். 64×64 என்றால் 4,096. பதினாறு மடங்கு. அதோடு விடுவதில்லை. 16 கட்ட உயரப் பொம்மை நான்கே ஃப்ரேமில் நடந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். 64 கட்ட உருவம் நான்கு ஃப்ரேமில் நடந்தால் நொண்டுவதுபோலத் தெரியும், எட்டு வேண்டும்.

சின்ன நாயகனுக்கு நடக்க 4, வெட்ட 4, சும்மா நிற்க 2, அடி வாங்க 1, சாக 3 என்று வைத்தால் ஒரு திசைக்கு 14 படம். முன், பின், பக்கவாட்டு என மூன்று திசை. இடது பக்கத்துக்கு வலதையே திருப்பிப் போடலாம். ஆக 42 படம். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலும் பத்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலைக்குப் போய்வந்து ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்குள் கதாநாயகன் தயார். பெரிய நாயகனுக்கோ திசைக்கு 26 படம் என்று வையுங்கள். வாளை வலது கையில் பிடித்தவனைத் திருப்பிப் போட்டால் வாள் இடது கைக்குப் போய்விடுவது இந்த அளவில் பளிச்சென்று தெரியும். எனவே நான்கு திசையும் தனித்தனியாக. 104 படம். ஒன்றுக்கு ஒரு மணி நேரம். அதே இரண்டு மணி நேர ராத்திரிகளில் 52 நாள். இன்னும் ஒரு எதிரிகூட வரவில்லை, ஒரு மரம்கூட முளைக்கவில்லை.

கேம் செய்வதை விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் ‘நேரம் கிடைக்கலை’ என்பார்கள். நேரம் எங்கே போனது என்பதற்கான பதில் அநேகமாக அந்தக் கேன்வாஸ் அளவில் இருக்கும்.

சின்ன அளவில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் மரியோவின் மூஞ்சியைப் பார்க்கலாம். 1981-ல் ‘டான்கி காங்’ விளையாட்டுக்காக வரையப்பட்ட உருவம் அது. இருந்த சொற்பக் கட்டங்களில் தலைமுடி வராது என்று தொப்பி வைத்தார்கள். வாய் வரைய இடமில்லை, மூக்கும் தனியாகத் தெரிய வேண்டும் என்று மீசை வைத்தார்கள். ஓடும்போது கை அசைவது தெரிய உடம்பில் வேறு நிறம் வேண்டும். அதற்காகத்தான் தோளில் பட்டை வைத்த அந்தக் கால்சட்டை. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகம் இடப் பற்றாக்குறையில் பிறந்தது. 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மொத்தமும் 40 கிலோபைட். மேலே மிதக்கும் மேகமும் கீழே நிற்கும் புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. அது ஓடிய ஃபேமிகாம் மெஷினில் ஓர் உருவத்துண்டுக்கு மூன்று நிறத்துக்கு மேல் கொடுக்க முடியாது.

அவர்களுக்கு வேறு வழியில்லை, நமக்கு எதற்கு அந்தக் கஷ்டம் என்று கேட்கலாம். வழியிருந்தும் சிறிதாக வரைந்தவர்கள் உண்டு. 2004-ல் ஜப்பானில் ஒரே ஆள் செய்து இலவசமாக வெளியிட்ட ‘கேவ் ஸ்டோரி’யின் நாயகன் 16×16 கட்டத்துக்குள் அடக்கம். ஓய்வு நேரத்தில் செய்த அந்த விளையாட்டுக்கே ஐந்து வருடம் ஆனது. 64 கட்டத்தில் வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘செலஸ்டெ’ முதலில் நான்கே நாளில், இருவர் சேர்ந்து, 128×128 திரையும் 16 நிறமும் மட்டுமே உள்ள பிக்கோ-8 என்ற கற்பனை மெஷினுக்காகச் செய்த குட்டி விளையாட்டு. அது ஓடிய பிறகுதான் பெரிதாக வளர்த்து 2018-ல் வெளியிட்டார்கள். 2015-ன் ‘டவுன்வெல்’ கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்ற மூன்று நிறத்தில் மொத்தக் கிணற்றையும் காட்டிவிட்டது. எதிர்ப்பக்கம் ‘அவுல்பாய்’ இருக்கிறது. நார்வேயில் ஒரு சின்னக் குழு 2007-ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு காட்சியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். வெளிவந்தது 2016 நவம்பரில். குழுவாக இருந்தவர்களுக்கே அத்தனை வருடம்.

இனி கைவேலைக்கு வருவோம். தொடக்கக்காரரின் படத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் குறைகள் சில உண்டு. முதலாவது கோடு. வளைவில் கட்டங்கள் 5, 3, 2, 1 என்று ஒழுங்காகக் குறைந்து வர வேண்டும். நடுவில் 3, 1, 3 என்று ஏறி இறங்கினால் விளிம்பு ரம்பம்போல் தெரியும். அதை மழுப்ப இடைநிறக் கட்டங்களை அள்ளித் தெளிப்பார்கள், படம் கலங்கிப்போகும். அடுத்தது நிழல். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யோசிக்காமல், நடுவில் வெளுப்பாகவும் சுற்றிலும் கருப்பாகவும் தீட்டினால் எல்லாமே உப்பித் தெரியும். பில்லோ ஷேடிங் என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இடது மேல் மூலையில் ஒரு சூரியன் என்று முடிவு செய்துகொண்டு விளையாட்டு முழுக்க அதையே பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

நிறத்தில் நடக்கும் தப்பு நுட்பமானது. பச்சை இலைக்கு நிழல் வேண்டும் என்றால் அதே பச்சையில் கருப்பைக் கூட்டுவார்கள். செத்த பச்சை வரும். நிழல் போகப்போக நீலத்தின் பக்கமும், வெளிச்சம் ஏறஏற மஞ்சளின் பக்கமும் சாய்ந்தால்தான் இலைக்கு உயிர் வரும். இதைச் சொந்தமாகப் பழக நாளாகும். அதுவரை பிக்கோ-8-ன் 16 நிறப் பேலட்டை அப்படியே எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நடை. நான்கு ஃப்ரேமில் என்ன செய்கிறோம்? கால் விரிகிறது, கால்கள் ஒன்றையொன்று கடக்கின்றன, மறுகால் விரிகிறது, மறுபடி கடக்கின்றன. இவ்வளவுதான். ஆனால் கால் கடக்கும் அந்த இரண்டு ஃப்ரேமிலும் தலையையும் உடம்பையும் ஒரே ஒரு கட்டம் மேலே தூக்கிவையுங்கள். அதுவரை தரையில் வழுக்கிக்கொண்டிருந்த பொம்மைக்கு எடை வந்துவிடும். 16 கட்ட உயரத்தில் ஒரு கட்டம் என்பது பெரிய அசைவு. 64-ல் அதே உயிரைக் கொண்டுவர எத்தனை கட்டத்தை எங்கெங்கே நகர்த்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

800 சதவீதம் ஜூமில் வரைந்துவிட்டு அதிலேயே ரசிக்காதீர்கள். அடிக்கடி நிஜ அளவுக்கு வந்து பாருங்கள். திரை அளவை 320×180 என்று வைத்தால் ஆறு மடங்கில் 1920×1080 சரியாக அமரும். நம் ஊர்ப் பழைய லேப்டாப்களின் 1366×768 திரையில் நான்கு மடங்குக்கு மேல் போகாது. ஓரத்தில் கறுப்புப் பட்டை விட்டுவிடுங்கள். நாலே கால் மடங்கு என்று இழுத்தால் கட்டங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகிவிடும். கோடோ என்ற கேம் எஞ்சினில் செய்கிறவர்கள் டெக்ஸ்சர் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ என்று மாற்ற மறந்தால் அத்தனை உழைப்பும் மங்கலாகத் தெரியும். நாயகனை ஓர் அளவில் வரைந்து, எதிரியை வேறு அளவில் வரைந்து இரட்டிப்பாக்கிப் போடுவதும் இதே ரகம். இரண்டு வேறு விளையாட்டுகள் மோதிக்கொள்வதுபோல இருக்கும்.

வரையவே வேண்டாம், ரெடிமேட் படத்தொகுப்பு வாங்கலாம், ஏஐ-யிடம் கேட்கலாம் என்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு ஆகலாம், கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதில் வேலை இல்லை.

என் கவலைக்கே திரும்புகிறேன். மூன்று மாதம் வரைந்தால் நிச்சயம் கை தேறும். அன்றைக்குத்தான் ஆபத்து. முதல் வாரத்து மரம் அசிங்கமாகத் தெரியும். மாற்றுவீர்கள். மரம் மாறினால் புல் ஒட்டாது, புல் மாறினால் வீடு ஒட்டாது. வீடு கட்டி முடிக்கும் முன்பே பெயின்ட்டை மூன்று தரம் மாற்றுகிற கதை. இதற்கிடையில் ‘ஸ்டார்டியூ வேலி’ கதையைப் படித்துவிட்டு, நல்ல வேலையை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தவராக இருந்தால் சேமிப்பும் கரைந்துகொண்டிருக்கும். அந்த விளையாட்டைச் செய்தவருக்குக் கைகொடுக்க வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தது என்ற வரியைப் பலர் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்.

ஆகவே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இருக்கும் வேலையை விடாதீர்கள். முதலில் வெறும் கலர்ச் சதுரத்தையே நாயகனாக வைத்து விளையாட்டின் ஒரே ஒரு லெவலை ஓடவிடுங்கள். ஓடினால் 16×16 கேன்வாஸ், 16 நிறம், நான்கு ஃப்ரேம் நடை. பழைய மரம் எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் கை வைக்காமல், அந்த ஒரு லெவலை முடித்து யாரிடமாவது விளையாடக் கொடுங்கள். அவர்கள் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அப்போது திருத்திக்கொள்ளலாம்.