மூன்றாம் நாள் கிரியேட்டினின்

மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரகமும் அடிபட்டிருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,47,000 பேரின் பதிவுகளை அலசி 2008இல் வெளியான ஆய்வு சொல்வது இது. அதைவிடக் கவலை தரும் தகவலும் அதில் உண்டு. பாதிப்பு லேசானது என்று வகைப்படுத்தப்பட்டவர்களிடையேகூட, அடுத்த பத்தாண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து 300 கிராம் எடைதான் இருக்கும். ஆனால், இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், அவற்றுக்கே போகிறது. மாரடைப்பில் இதயம் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்கினால் முதலில் தவிப்பவற்றுள் சிறுநீரகமும் ஒன்று. அதன் உட்பகுதிக்குச் சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் ‘டை’ அங்குள்ள நுண்குழாய்களை மேலும் சிரமப்படுத்தும். சர்க்கரை நோய், ரத்தசோகை, 75 வயதைத் தாண்டிய உடல், முன்பே பழுதான சிறுநீரகம் என்றால் ஆபத்து இன்னும் கூடும்.

இதைக் கேட்டு ஆஞ்சியோவே வேண்டாம் என்று மறுப்பதுதான் பெரிய ஆபத்து. மூடிக்கிடக்கும் ரத்தக்குழாயைத் திறக்காவிட்டால் இதயத்தசை சாகும். இதயம் பலவீனமானால் சிறுநீரகமும் தப்பாது. ‘டை’யின் அளவைக் குறைப்பது, முடிந்தவரை கை மணிக்கட்டு வழியாகச் செய்வது ஆகியவை மருத்துவர் கையில் உள்ளவை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தொடை வழியாகச் செய்தவர்களில் 17.4 சதவீதத்தினருக்கும் மணிக்கட்டு வழியாகச் செய்தவர்களில் 15.4 சதவீதத்தினருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பாதுகாப்புக்கென்று தாராளமாகக் கொடுக்கப்பட்ட அசிட்டைல்சிஸ்டீன் மருந்தால் பலன் இல்லை என்று 2018இல் சுமார் 5,000 பேரிடம் நடந்த ஆய்வு காட்டிவிட்டது.

நான் அதிகம் அஞ்சுவது டிஸ்சார்ஜ் ஆகும் நாளைத்தான். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் உடனே ஏறாது. ‘டை’ செலுத்தி ஒன்றிரண்டு நாளில் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் உச்சத்தைத் தொடும். சிக்கலில்லாத நோயாளியோ இரண்டு மூன்று நாளில் வீட்டில் இருப்பார். ஆய்வக அறிக்கையும் ஏமாற்றக்கூடும். மெலிந்த ஒரு பாட்டிக்குச் சேரும்போது 0.8 இருந்தது, இரண்டாம் நாள் 1.2 என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்களில் அந்த எண் ‘நார்மல்’ வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆனால், 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்பது சர்வதேச வரையறை. ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது; முந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிறுநீரின் அளவும் ஒரு தடயம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரத்தில் 180 மில்லிக்கும் குறைவாகப் போனால் உடனே சொல்ல வேண்டும்.

வீட்டில் காத்திருக்கும் எதிரி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை. மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்படும் ராமிப்ரில், நீர் பிரியும் மாத்திரை இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று பக்கமும் நெருக்கடி. மாரடைப்பு வந்தவரின் இதயத்துக்கும் அது கெடுதல். வலி மாத்திரையைத்தான் விட வேண்டும். மருத்துவர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினையோ ராமிப்ரிலையோ தாமாக நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று அன்றே கேட்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்கள், ஆஞ்சியோவை ஒட்டி அது நிறுத்தப்பட்டிருந்தால், எப்போது மீண்டும் தொடங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்ந்த அன்றும் கிளம்பும் அன்றும் கிரியேட்டினின் எவ்வளவு என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், வீட்டில் இருந்தாலும், மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எண் ஏறியிருந்தவர்களுக்கு, அது பிறகு இறங்கியிருந்தாலும், மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினோடு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.