நினைவகத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை

கோடம்பாக்கத்துக்குக் கணினி வரைகலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இங்கே முகவரி வைத்திருந்த பென்டாமீடியா நிறுவனம் மோஷன் கேப்சர் முறையில் எடுத்த முழுநீளச் சிந்துபாத் படம் 2000-இல் வந்தது. கிராபிக்ஸ் கூடங்களின் தலைவலி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்; காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்று கிடக்கிறது. பல சமயம் காரணம் மெமரி லீக்.

சி, சி++ மொழிகளில் எழுதிய மென்பொருள், வேண்டிய இடத்தை ரேமில் தானே கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் தானே திருப்பித் தர வேண்டும். படப்பிடிப்புக்குச் சிம்மாசனமும் சோபாவும் வாடகைக்கு விடும் கடைக் கணக்குதான் இது. எடுத்ததைத் திருப்பாவிட்டால் கடை காலியாகும்; மெமரி லீக் என்பது இதுதான். ரசீதும் தொலைந்துவிட்டால் எது யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. திருப்பிக் கொடுத்த சோபாவில் மறுபடி போய் உட்கார்ந்தால், அங்கே வேறு ஆள் இருப்பார். மூன்றில் இதுதான் பொல்லாதது. தப்பு நடந்த வரியில் பெரும்பாலும் புரோகிராம் விழாது. எப்போதோ, சம்பந்தமில்லாத வேறொரு வரியில் விழும்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் இலவச மென்பொருள் வால்கிரின்ட். பிசிப்2 என்ற கோப்புச் சுருக்கியை எழுதிய ஜூலியன் சீவார்ட் 2002-இல் இதை வெளியிட்டார். உங்கள் புரோகிராமை இது நேராக பிராசஸரிடம் விடுவதில்லை. கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து, நடுவே தன் சோதனைகளைச் செருகி, மறுபடி இயந்திர மொழியாக்கி ஓட்டுகிறது. இதன் மெம்செக் கருவி, நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் 'இங்கே தொடலாமா' என்ற குறிப்பும், ஒவ்வொரு பிட்டுக்கும் 'இதில் யாராவது மதிப்பு எழுதினார்களா' என்ற குறிப்பும் நிழலாக வைத்திருக்கும். எழுதப்படாத மதிப்பை நகலெடுத்தால் பேசாமல் இருக்கும். அதை நம்பி ஒரு 'இஃப்' முடிவெடுத்தால் உடனே வரி எண்ணோடு சொல்லிவிடும். இத்தனைக்கும் விலை உண்டு: புரோகிராம் 20 முதல் 30 மடங்கு மெதுவாகும். ராத்திரி ரெண்டரை இதில் போட்டால் படம் ரிலீஸாகாது. சின்னக் காட்சி ஒன்றை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

கருவி சொல்வதையெல்லாம் அப்படியே கேட்டாலும் ஆபத்து. 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தைப் பற்றி வால்கிரின்ட் முணுமுணுத்தது என்று இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். புகார் அடங்கியது. ஆனால் அவற்றில் ஒரு வரிதான் ரகசியச் சாவிகளுக்குத் தற்செயல் தன்மையை ஊட்டிக்கொண்டிருந்தது. எஞ்சியது புராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768. யாரும் எளிதில் ஊகித்துவிடக்கூடிய சாவிகள் அவை. 2008 மே மாதம் விஷயம் வெளிவந்தபோது உலகம் முழுக்கச் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. வால்கிரின்ட்மேல் குற்றமில்லை. அது கேள்விதான் கேட்டது. சரியான பதில் கிடைக்காமலே வாயை அடைத்தது மனிதர்கள்.

அண்மைப் பதிப்புகள் நினைவகத்தோடு நிற்கவில்லை. திறந்த கோப்பை இருமுறை மூடினாலும், முதலில் திறந்த இடத்தையும் மூடிய இடத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. சென்னைக்காரர்களுக்கு முக்கியமானது 2025 ஏப்ரலில் வந்த 3.25 பதிப்பு. 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் பிராசஸரில் ஓடும் லினக்ஸிலும் இனி வால்கிரின்ட் வேலை செய்யும். சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி பிராசஸர்கள் இந்தக் குடும்பம்தான். அவற்றில் ரைஸ்கிரீக் சிப்பில் 2018-லேயே லினக்ஸ் ஓடியது. சொந்த பிராசஸர் என்று பெருமைப்படுகிறோம், சரி. அதில் ஓடும் மென்பொருளைப் பிழை பார்க்கவும் கருவி வேண்டாமா? தாமதமாக வந்தாலும் இது வரவேற்க வேண்டிய வரவு.

முதல்முறை ஓட்டுபவர்கள் டீபக் தகவலோடு கம்பைல் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வரி எண் கிடைக்காது. அறிக்கை பக்கம் பக்கமாக நீளும், மிரள வேண்டாம். மேலே இருக்கும் முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கீழே உள்ளவற்றில் பல அதன் விளைவாகவே இருக்கும்.