ஹாமக் பயணியின் மரக்கணக்கு

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை முழுதாக நடக்க ஆசைப்படும் அட்லாண்டா வாசகர் ஒருவர், இரவுக்குக் கூடாரம் வேண்டாம், ஹாமக் எனப்படும் தொங்கு படுக்கையே போதும் என்று தீர்மானித்துவிட்டு, எந்த ஹாமக் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். தீர்மானம் நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த மரத்தில் கட்டப்போகிறீர்கள்? ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையில் முடியும் இந்தப் பாதை 14 மாநிலங்களைக் கடக்கிறது. நீளம் ஏறக்குறைய 3,500 கி.மீ. முழுவதும் நடக்க ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். அதில் பெரும்பாலான இரவுகளில் இரண்டு மரங்களை நம்பித்தான் உறங்க வேண்டும். ஹாமக் பிறந்த கரீபியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவிலும் அதை வீட்டுத் தூண்களில் கட்டினார்கள். அங்கிருந்து அதைக் கற்றுக்கொண்ட ஐரோப்பியக் கப்பல்களில் உத்திரத்துக் கொக்கிகளில் மாட்டினார்கள். தூணும் கொக்கியும் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். மலையேறிக்கு அந்த வசதி கிடையாது. அவர் ஒவ்வொரு மாலையும் புதிதாக இரண்டு தூண்களைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வுதான் இராத்தங்கல் திட்டம். துணி, போர்வை, தார்ப்பாய் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

தேர்வு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கயிற்றின் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஹாமக் பற்றிய விஷயங்களில் என்னை மிகவும் வியக்கவைப்பதும் இந்தக் கணக்குதான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் படுத்தால் ஒவ்வொரு மரமும் பாதி எடையான 35 கிலோவைத் தாங்கும் என்றுதான் தோன்றும். கீழ்நோக்கிய பங்கு உண்மையில் அவ்வளவுதான். ஆனால் கயிறு சரிவாக இழுபடுவதால், அதே நேரத்தில் இரு மரங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கவும் செய்கிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏற்படும் இழுவிசை, படுத்திருப்பவரின் முழு எடைக்குச் சமம், அதாவது 70 கிலோ. சாய்வை 10 டிகிரியாகக் குறைத்தால் அது 200 கிலோவாகிறது. 5 டிகிரியில் 400 கிலோ. முற்றிலும் நேராக, சாய்வே இல்லாமல் கட்டிப் படுக்க எந்தக் கயிற்றாலும் முடியாது. அதற்கு முடிவிலா விசை வேண்டும். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஒரே ஓர் ஈரப் போர்வைக்குச் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதும், தொய்வாகக் கட்டினால் நாலு போர்வையைத் தாங்குவதும் இதே காரணத்தால்தான். தொய்ந்த ஹாமக்கில் முதுகு வில்லாக வளையுமே, இழுத்துக் கட்டினால் சமமாக இருக்காதா என்று பலர் கேட்பார்கள். இழுத்துக் கட்டினால் துணியின் இரு விளிம்புகளும் இறுகித் தோளை நெருக்குமே தவிர, சமதளம் கிடைக்காது. நன்றாகத் தொய்யவிட்டு, நடுக்கோட்டுக்குக் குறுக்காக, தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாகப் படுத்தால் உடல் ஏறக்குறைய நேராகிவிடும். இந்தத் தொய்வு இரவுக்கு இரவு மாறாமலிருக்க, ஹாமக்கின் இரு முனைகளையும் மேலே ஒரு மெல்லிய கயிறால் இணைத்துவிடுவார்கள். அதன் நீளம் ஹாமக்கின் நீளத்தில் சுமார் 83 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு, 3.3 மீட்டர் துணிக்குச் சுமார் 2.75 மீட்டர் கயிறு.

இந்த 30 டிகிரியே மரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. நாலு முதல் ஐந்து மீட்டர் இடைவெளி இருந்தால் தலை உயரத்தை ஒட்டிக் கட்டினாலே நாற்காலி உயரத்தில் உட்காரலாம். அதற்கு மேல் இடைவெளி ஒரு மீட்டர் கூடும்போதெல்லாம் கட்டும் இடம் சுமார் 29 செ.மீ. உயர வேண்டும். ஏழு மீட்டர் இடைவெளி என்றால் கை எட்டாது. எட்டுகிற உயரத்திலேயே கட்டிச் சமாளிக்க நினைப்பவர், சாய்வைக் குறைத்து, தன்னையறியாமல் மரத்தின் மீதான இழுவையை இரண்டு மூன்று மடங்காக்கிவிடுகிறார். மூன்று மீட்டருக்குள் நெருங்கிய மரங்களாக இருந்தால் மேலே கட்டும் தார்ப்பாயை விரிக்க இடம் போதாது. ஆகவே காடு முழுக்க மரம் இருக்கும்போது திட்டம் எதற்கு என்ற கேள்விக்கு முதல் பதில் இது: அடர்ந்த காட்டில்கூட பொருந்தும் ஜோடி மரம் கொஞ்சம்தான்.

அந்த ஜோடியும் உயிருள்ள மரங்களாக இருக்க வேண்டும். அப்பலாச்சிய மலைகளின் காட்டு வரலாறு, வந்தேறிய நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் இரையான வரலாறு. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களைக் காடுகளிலிருந்து ஏறக்குறைய அழித்தே விட்டது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு அசுவினி வகைப் பூச்சி ஹெம்லாக் மரங்களை உறிஞ்சிக் கொன்றுகொண்டிருக்கிறது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களை வேட்டையாடுகிறது. நின்றபடியே செத்துப்போன மரங்கள் பாதை நெடுகிலும் உண்டு. ஹெம்லாக் என்றால் சிறு கிளையைத் திருப்பி, ஊசியிலைகளின் அடியைப் பாருங்கள். வெண்பஞ்சுத் துணுக்குகள் வரிசையாக ஒட்டியிருந்தால் பூச்சி வந்துவிட்டது. ஆஷ் என்றால் மரங்கொத்திகள் புழுவைத் தேடி மேல்பட்டையை உரித்திருக்கும். சாம்பல் நிறத் தண்டில் வெளிறிய திட்டுகள் தெரியும். வண்டு கொன்ற ஆஷ் மரம் சீக்கிரமே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். தெற்கிலிருந்து வடக்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் கிளம்புகிறார்கள். அப்போது உயரமான முகடுகளில் இலையுதிர் மரங்கள் எல்லாமே மொட்டையாகத்தான் நிற்கும். உயிருள்ளது எது, செத்தது எது என்று இலையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பட்டை கழன்றிருக்கிறதா, அடியில் தட்டுக் காளான் முளைத்திருக்கிறதா, நுனிக் கிளைகளில் மொட்டு இருக்கிறதா, மேலே ஒடிந்த கிளை சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; கையால் பலமாகத் தள்ளியும் பார்க்கவேண்டும். கயிறு மரங்களை எந்தத் திசையில் இழுக்கிறது என்று முன்பே பார்த்தோம். ஒன்றையொன்று நோக்கி. அப்படியென்றால் செத்த மரம் முறிந்தால், நடுவில் படுத்திருப்பவர் மேல்தான் விழும். கூடாரத்தில் படுத்தவர் மீது மரம் விழுவது அவருடைய கெட்ட காலம். ஹாமக்கில் படுத்தவரோ மரத்தைத் தன் எடையாலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல் தென் அப்பலாச்சியாவில் ஏராளமான மரங்களைச் சாய்த்து, பலவற்றை வேர் ஆட்டம் கண்ட நிலையில் விட்டுவிட்டுப் போயிருப்பதால், இந்தப் பரிசோதனையை மாலை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அதற்கேற்பப் பகல் நடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே நிறுத்துவதுதான் நல்ல திட்டம்.

அடுத்தது, மரமே இல்லாத அல்லது மரம் இருந்தும் கட்டக்கூடாத இரவுகள். பாதையின் தென்பகுதியில் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா வழியாகச் சுமார் 115 கி.மீ. நடக்க வேண்டும். அங்கே நெடும்பயணிகள் இடமிருக்கும்வரை தங்குகுடில்களில்தான் தங்க வேண்டும் என்பது விதி. குடிலுக்குள் ஹாமக் கட்டவோ அதன் தூண்களில் கட்டவோ அனுமதியில்லை. நியூ ஜெர்சியின் பெரும்பகுதியிலும் கனெக்டிகட்டிலும் குறிக்கப்பட்ட முகாம்களைத் தவிர வேறெங்கும் தங்கக்கூடாது. நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் பிரசிடென்ஷியல் தொடரைக் கடக்கும்போது சுமார் 20 கி.மீ. மரக்கோட்டுக்கு மேலேயே போகிறது பாதை. எட்டடிக்கும் குறைந்த குட்டை மரங்கள் மட்டும் வளரும் அந்தப் பகுதியில், பனி மூடாத காலத்தில் முகாமிடுவதே தடை. அந்தத் தொடரின் உச்சியான வாஷிங்டன் சிகரத்தில்தான் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கி.மீ. வேகக் காற்று பதிவானது. அங்கே இருட்டுவதற்குள் மரக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இல்லையேல் அப்பலாச்சியன் மலைச் சங்கம் நடத்தும் விடுதிக் குடில்களில் இடம் தேட வேண்டும். கடைசியில் கடாடின் அடிவாரத்தில், பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில், நெடும்பயணிகளுக்கென்று ஒதுக்கிய பிர்ச்சஸ் முகாமில் ஓர் இரவுக்கு 12 பேருக்குத்தான் இடம். இந்த இரவுகள் மொத்தத்தில் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் கிலோமீட்டரில் வரும் என்பது புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது. தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் போவதை நான் சாகசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் கூடாரமே எடுத்துப்போகலாமே என்று கேட்பது நியாயம். பதில் தரையில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் நாள்கணக்காகக் கூர்மையான பாறைகள் மீதே பாதை போகிறது. பல இடங்களில் கூடாரம் விரிக்க ஒரு பாய் அகலச் சமதளம்கூடக் கிடைக்காது. மழை ஊறிய மண்ணிலும் சரிவிலும் ஹாமக்குக்குத் தொல்லையே இல்லை. பெரும்பாலான இரவுகளில் அதுதான் மேல். சிலவற்றில் மட்டும் அது உதவாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்டால் போதும்: ஒரு ஃபோம் பாய். ஹாமக்கில் முதுகுக்குக் கீழே ஏன் குளிர்கிறது என்று புரிந்தால் இதன் அருமை தெரியும். ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பு அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்றிலிருந்து வருகிறது. மேலே அது உப்பியிருக்கும். கீழே உடல் எடை அதை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். தரையில் படுத்தால் கீழே நிலமாவது அசையாமல் இருக்கும். ஹாமக்கின் அடியிலோ காற்று ஓடிக்கொண்டே இருந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். இருபது டிகிரி வெப்பமுள்ள இதமான இரவிலேயே பலருக்கு விடியற்காலையில் முதுகு விறைத்துவிடும். இதற்காக ஹாமக்குக்கு வெளியே, உடலின் எடை படாதபடி தொங்கவிடும் அடிப்போர்வை ஒன்று உண்டு. ஹாமக்கில் படுக்க அதைப்போல் சுகமானது வேறில்லை. ஆனால் குடிலின் பலகைத் தரையில் அது வெறும் மெத்தென்ற துணி; உடல் எடையில் நசுங்கிவிடும். ஃபோம் பாய் கொஞ்சம் வழுக்கும், வேர்க்கும். ஆனாலும் ஹாமக்குக்குள்ளும் பலகைத் தரையிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. வசந்தத்தின் குளிரில் இரண்டையும், கோடையில் பாயை மட்டும் சுமப்பது என் பரிந்துரை.

இனி மரத்தின் தரப்பு. கூடாரம் புல்லையும் செடியையும் நசுக்கி மண்ணை இறுக்குகிறது, ஹாமக் தரையைத் தொடுவதே இல்லை, ஆகவே அதனால் காட்டுக்குத் தீங்கில்லை என்பது ஹாமக் விரும்பிகள் அடிக்கடி சொல்லும் வாதம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மரத்தின் பட்டைக்குச் சற்று உள்ளே, இலையில் தயாரான சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் மெல்லிய திசு இருக்கிறது. அதை ஒட்டித்தான் மரத்தைப் பருக்கவைக்கும் வளர்படலமும் இருக்கிறது. சுற்றிலும் அந்தத் திசு நசுங்கினால் வேர் பட்டினி கிடக்கும். அதே இழுவையை 4 மி.மீ. கயிறு 25 மி.மீ. நாடாவைவிட ஆறு மடங்கு குறுகிய இடத்தில் அழுத்துகிறது. பிர்ச், பீச் போன்ற மெல்லிய பட்டை மரங்களில் அந்தத் தடம் கண்ணுக்கே தெரியும். ஓர் இரவில் மரம் சாகாது என்பார்கள். ஓர் இரவு என்பது படுத்தவரின் கணக்கு. இந்தப் பாதையில் 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் வசதியான ஜோடி மரம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அதே மரத்தில் வசந்தம் முழுக்க ஆள் மாற்றி ஆள் கட்டுகிறார்கள். சுமையைக் கிராம் கிராமாகக் குறைக்கும் மோகத்தில், நாடாவை விட்டுவிட்டு மெல்லிய கயிறே போதும் என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. மிச்சமாவது சில கிராம், அதற்கான விலையைக் கொடுப்பது மரம். குறைந்தது ஒரு அங்குல அகலமுள்ள, நீளாத பாலியஸ்டர் நாடா இரண்டு வேண்டும். நைலான் நாடா இரவில் நனைந்து இழுபட்டு, விடியும்போது உங்களைத் தரைக்கு அருகில் கொண்டுவந்துவிடும். மரம் தொடையைவிடப் பருமனாக இருக்கட்டும். இவற்றையெல்லாம் முடிவு செய்த பிறகு ஹாமக் வாங்கலாம். உங்கள் உயரத்தைவிட ஒன்றரை மீட்டர் நீளமான, ஒட்டுத்தையல் இல்லாத சாதாரணத் துணியே போதும்.