வில்லில் தொங்கிய தூணி: முல்லைப்பாட்டுப் பாசறையும் மறைந்துபோன தோல்வினையும்

ஆய்வுச்சுருக்கம்

அம்புகளை இட்டுவைக்கும் தூணி, வில்லாளிக்கு வில்லைப் போலவே இன்றியமையாதது. அதனைக் குறிக்கும் சொற்களும் இலக்கியக் காட்சிகளும் தமிழில் உள்ளன. பொருளோ மண்ணில் எஞ்சுவது அரிது. இவ்விடைவெளிக்கான காரணத்தை விளக்குவதும், வில்லிலேயே தூணியைத் தொங்கவிட்ட முல்லைப்பாட்டுக் காட்சியின் சான்று மதிப்பைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தூணி, ஆவநாழிகை, முல்லைப்பாட்டு, தோல்வினை, வெம்பக்கோட்டை

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டைப் பகுதியில், வைப்பாற்றங்கரை மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருள்கள் ஆகியவற்றுடன் நுண்கற்கருவிகளும் அங்குக் கிடைத்துள்ளன. இத்தகைய நுண்கற்கள் உலகின் பல பகுதிகளில் மரத்தண்டில் பதிக்கப்பட்டு அம்பு முனைகளாகவும் பயன்பட்டவை. கல்முனை எஞ்சுகிறது, அதனைத் தாங்கிய தண்டும், தண்டினைத் தாங்கிய கூடும் வெப்ப நிலத்தில் மட்கிவிடுகின்றன. ஆகவே தூணியின் வரலாற்றைச் சொல்லிலும் பாட்டிலும் தேட வேண்டியுள்ளது.

பெயர்கள் தரும் செய்தி

தூணி, ஆவநாழிகை, புட்டில், அம்புக்கூடு என இதற்குப் பல பெயர்கள் வழங்கின. புட்டில் என்பது கூடையையும் விரலுறையையும் கூடக் குறிக்கும். உள்ளீடற்று ஒன்றைப் பொதிந்து காக்கும் வடிவமே இப்பெயருக்கு அடிப்படை எனலாம். அம்பறாத்தூணி என்பது அம்பு அற்றுப்போகாத தூணி எனப் பொருள்படும். பாரதக் கதையில் காண்டவ வனம் எரியுமுன் அருச்சுனன் பெற்ற தூணிகள் அத்தகையன. வியப்புக்குரிய ஒன்றைச் சுட்டிய இப்பெயர் நாளடைவில் எல்லாத் தூணிகளுக்கும் பொதுப்பெயராயிற்று.

பாசறைக் காட்சி

இராமன் போன்றோரின் பிற்கால வடிவங்களில் தூணி தோளின் பின்புறம் அமைந்திருப்பதைக் காண்கிறோம். நப்பூதனார் இயற்றிய 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு வேறொரு முறையைக் காட்டுகிறது. பாசறையில் வீரர்கள் வலிய விற்களை ஊன்றி, அவற்றின்மேல் தூணிகளைத் தொங்கவிடுகின்றனர். தவக்கோலம் பூண்ட அந்தணன், காவியில் தோய்த்த ஆடையை முக்கோலில் இட்டுவைத்த தோற்றம் இதற்கு உவமையாகிறது. அடுத்து ஊன்றிய ஈட்டிகளும் நிரைத்த கேடயங்களும் சேர, விற்களே பாசறைக்கு அரணாகின்றன.

இக்காட்சியிலிருந்து மூன்று செய்திகளை உய்த்துணரலாம். தூணிக்குத் தொங்கவிடுதற்கேற்ற வார் அல்லது கயிறு இருந்திருக்க வேண்டும். அம்புகளுடன் தொங்கியும் வில்லைச் சாய்க்காத அளவுக்கு அது எடை குறைந்திருக்க வேண்டும். பகைவர் திடீரெனத் தாக்கினால் வில்லும் அம்பும் ஒரே இடத்தில் கைக்கு எட்டும். இன்றைய மரபு வில்லாளிகள் சிலர் வில்லின் தண்டிலேயே தோல்தூணியைக் கட்டிக்கொள்வதும் இவ்வசதி கருதியே. ஆயினும் அது எய்யும்போதும் வில்லோடு இருப்பது. முல்லைப்பாட்டில் வருவது ஓய்வுநிலையில் அமைந்தது.

தோலின் தகுதி

தூணி எதனால் ஆனது என்பதைப் பாடல் கூறவில்லை. எனினும் மேற்கண்ட தேவைகளுக்குத் தோல் பொருந்துகிறது. தென்னாட்டு மரபில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதப்படுத்துவர். பட்டையின் துவர்ப்புப்பொருள் தோலின் நாரிழைகளைப் பிணித்து அழுகாமல் காக்கிறது. இவ்வாறு பதப்படுத்திய தோலை நனைத்து மரஅச்சின் மீது இறுக்கினால், உலர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும். மழையிலிருந்து அம்பின் இறகைக் காக்கவும் அது உதவும்.

1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையுடைய மனிதனின் தூணியும் தோலால் ஆனதே. அதில் 14 அம்புகள் இருந்தன. இரண்டு மட்டுமே முழுமை பெற்றவை. பனி காத்ததை நம் மண் காக்கவில்லை. எனவே தோற்பொருள் கிடைக்காமையைத் தோல்வினை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஊசியின் விரைவு

சங்க காலத்தில் தோல்வினை இருந்தமைக்குப் புறநானூற்றின் 82ஆம் பாடல் துணைநிற்கிறது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழையோடு பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் வாரால் கட்டில் பிணிக்கும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசியின் விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்குகிறார் சாத்தந்தையார். வேந்தனின் வீரத்தை அளக்கும் கோலாக அமைந்தவனை அப்பாடல் இழிசினன் என்றே சுட்டுகிறது. அவன் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

முடிவுரை

போர்க்கருவிகளின் வரலாறு இரும்பும் கல்லும் எஞ்சிய அளவிலேயே எழுதப்படுமாயின், அவற்றைப் பயன்கொள்ளத் துணைநின்ற தோல்வினைஞரின் பங்கு விடுபட்டுப்போகும். அகழாய்வில் கிடைக்கும் அம்பு முனைகளை ஆராயும்போது, இலக்கியம் காட்டும் தூணியையும் அதன் பின்னுள்ள கைவினையையும் சேர்த்து நோக்குவதே முழுமையான முறையாகும்.