கோரஃபின் கழகத் திடல்
கால்வே மாவட்டம், அயர்லாந்து

எதிரே ‘எச்’ வடிவில் நிற்பது கேலிக் கால்பந்தின் கோல் கம்பம். அகலம் 6.5 மீட்டர், குறுக்குக் கம்பி 2.5 மீட்டர் உயரத்தில். பந்து கம்பிக்குக் கீழே வலைக்குள் புகுந்தால் 3 புள்ளிகள். மேலே பறந்தால் பொதுவாக 1 புள்ளி. பந்தைக் கையிலும் எடுக்கலாம்.

1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தில், கத்தோலிக்கப் பங்கின் எல்லையே பெரும்பாலும் கழகத்தின் எல்லை. ஒரே பங்கில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது; பிழைப்புக்கு வேறு வேலை உண்டு.

இந்தக் கிராமப்புறக் கழகம் 1998 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளன்று, டப்ளின் குரோக் பார்க்கில் எரின்ஸ் ஐல் அணியை வென்றது. அகில அயர்லாந்துக் கழகக் கால்பந்துக் கோப்பை, கால்வே அடங்கிய கொனாக்ட் மாகாணத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 2015-இல் மீண்டும் வெற்றி. பிறகு 2018, 2019, 2020 எனத் தொடர்ந்து மூன்று முறை. இதற்கு முன் எந்தக் கழகமும் செய்யாதது. மூன்றாவது எளிதில் கிடைக்கவில்லை: கில்கூ அணியுடன் 7-7 எனச் சமன். கூடுதல் நேரத்தில் கோரஃபின் 8 புள்ளிகள் சேர்த்தது. கில்கூ ஒன்றும் எடுக்கவில்லை.

ஆட்டம் நடக்கும்போது கம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.