புயாபேஸ் சட்டியில் வடகத் தாளிப்பு

ஏப்ரல் 15 விடியும்போது புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் போடப்படும் தடை இது. முன்பு 45 நாளாக இருந்தது, பிறகு நீட்டப்பட்டது. படகுக்காரர்கள் இந்த இரண்டு மாதத்தில் பழைய பலகையை மாற்றுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விடுவதும் இதே சமயத்தில்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்திறங்கி நண்டு கேட்கும்போது கடலில் பெரிய படகு ஒன்றுகூட இருக்காது.

புதுச்சேரிக்குக் கோடை விருந்து ஒன்றல்ல, இரண்டு. முதலாவது சித்திரை, வைகாசியில், அக்னி நட்சத்திர வெயில் தணிந்த மாலையில் மொட்டை மாடியில் நடப்பது. இரண்டாவது ஜூலை, ஆகஸ்டில். அப்போதுதான் பிரான்சில் விடுமுறை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி விடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் பாரிஸ் பக்கத்திலிருந்து வந்து சேரும் மாதங்கள் அவை. அதற்குள் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கும். இரண்டு விருந்துக்கும் சட்டி ஒன்றுதான். உள்ளே விழும் சரக்குதான் வேறு. இதைக் கவனிக்காமல் சமையல் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பாதி வழியில் திணறுகிறார்கள்.

ஒரே பாத்திரத்தில் கடல் உணவு என்றால் இன்றைய இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது செல்பேசித் திரையில் பார்த்த ‘சீஃபுட் பாயில்’. நண்டு, இறால், சோளக் கதிர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வேகவைத்து, வெண்ணெயும் மிளகாய்த் தூளும் புரட்டி, மேசைமேல் விரித்த தாளில் கொட்டிக் கையால் பிய்த்துச் சாப்பிடுவது. அமெரிக்காவின் லூசியானாவில் நன்னீர்ச் சிங்கி இறாலை வைத்தும், தெற்குக் கரோலினாவில் இறாலையும் சாசேஜையும் வைத்தும் ஊர் கூடிச் செய்வது இது. கெடுதல் ஒன்றும் இல்லை. பெரிய கூட்டத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுகிறார்கள். நண்டின் சாரமும் இறால் தலையின் சாரமும் இறங்கிய தண்ணீரைக் கொட்ட எந்தத் தமிழ்ச் சமையலறைக்கும் மனம் வராது. நண்டு ரசம் என்று தனியாக ஒரு பதார்த்தமே வைத்திருக்கிற ஊர் இது.

புதுச்சேரிக்கு இன்னும் நெருங்கிய உறவு பிரான்சின் மத்தியதரைக் கடலோர மார்செய் நகரத்துப் புயாபேஸ். விலைபோகாத முள் மீன்களை மீனவர்கள் கரையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிட்டதிலிருந்து வளர்ந்த உணவு என்று அதைச் சொல்வார்கள். வெங்காயம், தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சோம்பு மணக்கும் பெருஞ்சீரகச் செடி, குங்குமப்பூ. எளியவர்களின் குழம்பு காலப்போக்கில் உணவகத்துப் பெரிய விலைப் பண்டமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்களே என்று கவலைப்பட்டு, 1980இல் மார்செய் உணவகக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சாசனமே எழுதினார்கள். அதில் குறித்த மீன்களில் குறைந்தது நான்கு வகையாவது இருக்க வேண்டும். மீனை விருந்தினர் கண்ணெதிரில் துண்டு போட வேண்டும்.

கப்பலேறி வந்த புயாபேசுக்குப் புதுச்சேரியில் எந்தச் சாசனமும் இல்லை. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தையும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரையும் ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. கலப்பு வழியில் வந்த கிரியோல் குடும்பங்களும் இருந்தன. இந்த வீடுகளின் அடுப்பங்கரையில் அது ‘மீன் புயாபேஸ்’ ஆனது. குங்குமப்பூவின் இடத்துக்கு மஞ்சள் வந்தது. பெருஞ்சீரகச் செடிக்குப் பதில் அஞ்சறைப் பெட்டியில் ஏற்கெனவே இருந்த சோம்பு. பிரெஞ்சுக்காரர் பார்த்தால் காரம் அதிகம், வீராம்பட்டினத்துக்காரர் பார்த்தால் காரமே இல்லை. பக்கத்தில் சோறும் இருக்கும், பாகெத் ரொட்டியும் இருக்கும்.

மத்தியதரைக் கடலின் மீன் ருசி இந்தக் கரைக்கு வந்தது பிரெஞ்சுக்காரர் காலத்தில்தான் என்றும் நினைக்க வேண்டாம். நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டைத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தார். அங்கே கிடைத்த ரோமானியச் சாடிகளின் ஓடுகளை ஆராய்ந்தவர்கள், மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த சாடிகளோடு ‘காரும்’ என்ற மீன் சாறு வந்த சாடிகளும் இருந்ததை அடையாளம் கண்டார்கள். மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து இறக்கிய சாறு அது. பிரெஞ்சு இந்தோசீனாவில் வேலை பார்த்துவிட்டுச் சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்கள் அதே இனத்தைச் சேர்ந்த ‘நுவோக் மாம்’ சாற்றைக் கொண்டுவந்தன. எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், சர்க்கரை கலந்த நுவோக் மாம் ஒரு கிண்ணத்தில் இருந்தால் வெந்த நண்டுக்கு வேறு தொடுகறி தேவையில்லை.

இனி சட்டிக்கு வருவோம். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ நண்டு, முக்கால் கிலோ தலையோடு இருக்கும் இறால், அரைக் கிலோ கணவாய் (இங்கே கடம்பா என்றுதான் கேட்க வேண்டும்), ஒரு கிலோ கெட்டிச் சதை மீன் போதும். சங்கரா, கொடுவா, பாறை மூன்றும் கொதியில் கரையாமல் நிற்கும். வஞ்சிரம் வேண்டாம். அது வறுவலுக்கு ராஜா, இந்தச் சட்டியில் வறண்டுபோகும். கொடுத்த காசுக்கு அழுகைதான் மிஞ்சும்.

தடைக்காலத்தில் இந்தப் பட்டியலே மாறும். குபேர் மார்க்கெட் மீன் பகுதிக்குப் போனால் பெரிய மீன் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அதில் நிறைய ஐஸ் பெட்டியில் வெளியூர் லாரியில் வந்தது. மேற்குக் கடற்கரையில் தடை பிற்பாடுதான் தொடங்குகிறது. புதுச்சேரி ஆட்சியின் கீழ் இருக்கும் மாஹேயிலேயே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான் தடை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்து மீன் இந்தப் பக்கம் ஓடி வரும். கட்டுமரம், நாட்டுப் படகு போன்ற பாரம்பரியக் கலங்களுக்குத் தடையில்லை. அவை கரையை ஒட்டிப் பிடித்துவருவதுதான் அந்த நாட்களில் உள்ளூர்ச் சரக்கு. வம்பாக்கீரப்பாளையம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் காலையில் போனால் கிழங்கான், நெத்திலி, கவலை, சிறு நண்டு என்று கூறு கட்டி விற்பார்கள். கழிமுகத்தில் பிடித்த பச்சை நண்டும் மட்டியும் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். மே மாத விருந்துக்கு நண்டும் மட்டியும் தலைமை ஏற்கட்டும், பெரிய மீன் துண்டுகள் ஜூலைக்குக் காத்திருக்கட்டும்.

நண்டு மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். செத்த நண்டின் சதை வெயிலில் வெகு சீக்கிரம் கெடும். தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். இறாலில் தலை கறுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆய்ந்து தரும் பெண்களிடம் மீன் தலையையும் நடு முள்ளையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நிறைய வாடிக்கையாளர்கள் அதை வீசிவிட்டுப் போகிறார்கள். சட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அடுப்பில் முதல் வேலை சாறு. நல்லெண்ணெயில் சோம்பு, ஒரு முழுப் பூண்டு, கால் கிலோ சின்ன வெங்காயம், அரைக் கிலோ தக்காளி, இறால் தலையும் ஓடும் போட்டு ஓடு சிவக்கும்வரை வதக்க வேண்டும். மஞ்சள், மிளகாய்த் தூள், மீன் தலை, முள், மூன்று லிட்டர் தண்ணீர். இருபது நிமிடம் கொதித்தால் போதும். மீன் முள்ளை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் சாறு கசக்கும். வடிகட்டி, தலைகளை அழுத்திப் பிழிந்து, சாற்றை மறுபடி அடுப்பேற்ற வேண்டும்.

இதற்குப் பிறகு எல்லாமே வரிசைதான். உருளைக்கிழங்கு முதலில் போய்ப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வேக வேண்டும். புளிக்கரைசல் சேர்ப்பதாக இருந்தால் கிழங்கு வெந்த பிறகுதான். புளிப்பு முந்திக்கொண்டால் கிழங்கு மெத்தென்று ஆகாமல் அடம்பிடிக்கும். அடுத்தது நண்டு, பத்து நிமிடம். மட்டி இருந்தால் நண்டோடு பாதியில் சேரும். கொதித்தும் வாய் திறக்காத மட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பிறகு மீன் துண்டுகள், ஐந்து நிமிடம். அப்போது கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றலாம். இறால் சுருண்டு நிறம் மாற மூன்று நிமிடம். கணவாய்க்கு ஒரு குணம் உண்டு: இரண்டு நிமிடத்தில் மெத்தென்று இருக்கும், ஐந்து நிமிடத்தில் ரப்பராகும், மறுபடி மிருதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே அது கடைசி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி மூடிவிடுவதால்தான் ‘ஒரு சட்டிச் சமையல்’ பல வீடுகளில் முதல் முயற்சியோடு நின்றுபோகிறது.

அடுப்பை அணைத்ததும் புதுச்சேரியின் கையெழுத்து விழ வேண்டும்: வடகத் தாளிப்பு. சித்திரை வெயிலில்தான் வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை கலந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி நாள்கணக்கில் காயவைப்பது. பகலில் காய்ந்து இரவில் மூடிவைத்து, மறுநாள் பிசைந்து மறுபடி உருட்டி என்று அது ஒரு வார வேலை. இதே சரக்கு பிரான்சுக்குப் போய் ‘வதுவான்’ என்ற பெயரில் பெரிய சமையல்காரர்களின் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அதை வெண்ணெயில் கலந்து மீன்மேல் ஊற்றுகிறார்கள். இங்கே ஒரு சிறு உருண்டையை உதிர்த்துக் காய்ந்த நல்லெண்ணெயில் பொரித்துச் சட்டிமேல் கொட்டினால் தெருமுனைவரை தெரியும். குங்குமப்பூ இல்லையே என்ற குறை அத்தோடு தீரும்.

தமிழர்களில் இந்த ஒரு சட்டிக் கடல் உணவுச் சமையலை ஒரு குடும்பச் சடங்காகவே வளர்த்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுடைய ஒடியற் கூழில் மீன் தலை, நண்டு, இறால், கணவாயோடு பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, முசுட்டை இலை எல்லாம் வேகும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை இறுத்துவிட்டுக் கடைசியில் கரைத்து ஊற்றுவார்கள், கூழ் திடமாகும். சுற்றி உட்கார்ந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது வழக்கம். மார்செய்க்காரர் குழம்பை முதலிலும் மீனைப் பிறகும் பரிமாறுகிறார், லூசியானாக்காரர் குழம்பைக் கொட்டிவிடுகிறார், யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டையும் பிரிப்பதே இல்லை. ருசியில் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் கூழுக்குத்தான் முதல் இடம். மொட்டை மாடி விருந்துக்குப் புதுச்சேரி முறை வசதி: மீனும் நண்டும் ஒரு தாம்பாளத்தில், சாறு தம்ளரில், வாழையிலை நடுவில், ரொட்டியைத் தோய்க்கிறவர்கள் தோய்க்கலாம், சோற்றைப் பிசைகிறவர்கள் பிசையலாம்.

ஒரு எச்சரிக்கை. கடல் உணவு மிச்சத்தைக் கோடையில் வெளியே வைக்கக் கூடாது. வழக்கமாக இரண்டு மணி நேரம் என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் கூட்டத்தில் இருந்தால் அதே சட்டியிலிருந்து மீனை மட்டும் எடுத்துத் தருவதும் ஆபத்து. சாற்றிலேயே எல்லாம் இறங்கியிருக்கும். அவர்களுக்குத் தனிச் சட்டிதான்.

தடைக்காலத்தில் விசைப்படகுகளைத் துறைமுகத்தில் கட்டிவைத்துவிட்டு, வாங்குகிற நாம் எதையும் வாங்கலாம் என்று இருப்பது நியாயமில்லை. வயிற்று மடலுக்கு வெளியே ஆரஞ்சு அல்லது கறுப்பு நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும் நண்டைக் கூடையில் கண்டால் வாங்காதீர்கள், வாங்க மாட்டோம் என்பதை விற்பவரிடம் சொல்லியும் விடுங்கள். விருந்துக்கு முந்தின நாளே மீன்காரம்மாவிடம் ஆள் கணக்கைச் சொல்லிவைத்தால் நாட்டுப் படகில் வந்ததை எடுத்துவைத்துத் தருவார்கள். பெரிய மீன் வேண்டுமென்றால் ஜூன் 15க்குப் பிறகு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.